பெர்செப்ஷன் உருட்டச் சொன்னாலே பதுங்கித் தாக்குதல் அம்பலமாகிவிடுகிறது: எப்படிக் கையாள்கிறீர்கள்?

பகடைப்பிரியன்

வணக்கம் நண்பர்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பை டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஆக நடத்துகிறேன், 2014 விதிகள். ஐந்து ஆட்டக்காரர்கள், எல்லோரும் ஐந்தாம் லெவல். அடுத்த ஆட்டத்தில் ஒரு மலையிடுக்குப் பாதை வருகிறது. மேலே பாறைகளுக்குப் பின்னால் நான்கு காப்ளின்களும் ஒரு பக்பேரும் (இரண்டும் எதிரி அரக்கர்கள்) பதுங்கியிருக்கும்.

சிக்கல் இதுதான். பெர்செப்ஷன் என்பது ஆபத்தைக் கவனிக்கும் திறன், அதற்குப் பகடை உருட்டுவோம். "எல்லோரும் பெர்செப்ஷன் உருட்டுங்கள்" என்று சொன்ன நொடியே மேசையைச் சுற்றி இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று விழுந்தவர்கூட "நான் கேடயத்தை உயர்த்திக்கொண்டே நடக்கிறேன்" என்கிறார். யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. தெரிந்துவிட்டதைத் தெரியாததுபோல் ஆடுவது எல்லோருக்குமே கடினம்தான்.

சரி, உருட்டச் சொல்லாமல் நேராக "அம்பு பாய்கிறது, இனிஷியேட்டிவ் போடுங்கள்" என்று சண்டை வரிசைக்கான பகடையோடு ஆரம்பித்தால், "எனக்குப் பார்க்க ஒரு வாய்ப்புகூட இல்லையா?" என்று கேட்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

நிழல்நடை

விதிப் புத்தகம் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்களை உருட்டச் சொல்லவே வேண்டாம். ஒளிந்திருப்பவர்கள் ஸ்டெல்த் (ஒளியும் திறன்) உருட்டுகிறார்கள், அதை ஒவ்வொரு கேரக்டரின் பாஸிவ் பெர்செப்ஷனோடு ஒப்பிடுகிறீர்கள். பாஸிவ் என்பது 10 கூட்டல் அவர்களுடைய வழக்கமான போனஸ். சாதகம் இருந்தால் 5 கூட்டுங்கள், பாதகம் இருந்தால் 5 கழியுங்கள். எதிரியின் பகடையை நீங்கள் திரைக்குப் பின்னால் உருட்டுவதால் யாருக்கும் எதுவும் தெரியாது.

இன்னொன்று. பலர் இன்னமும் "சர்ப்ரைஸ் ரவுண்ட்" என்று சொல்கிறார்கள். திகைக்காதவர் மட்டும் ஆடும் அந்த ரவுண்ட் மூன்றாம், நான்காம் பதிப்புகளில் இருந்தது. 2014 விதிகளில் தனி ரவுண்ட் கிடையாது. எல்லோரும் இனிஷியேட்டிவ் போடுவார்கள். எந்த ஆபத்தையும் கவனிக்காத கேரக்டர் மட்டும் தன் முதல் முறையில் (டர்னில்) நகரவோ ஆக்‌ஷன் எடுக்கவோ முடியாது, அந்த முறை முடியும்வரை ரியாக்‌ஷனும் இல்லை. ஒரே குழுவில் இரண்டு பேர் திகைத்து நிற்க, மூன்று பேர் சண்டை போடலாம்.

எண்கணக்கு

நிழல்நடை சொன்னது சரி. ஆனால் அதை எப்படி உருட்டுகிறோம் என்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

காப்ளினின் ஸ்டெல்த் +6. எதிரே பாஸிவ் 14 உள்ள கேரக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமமாக வந்தால் ஒளிந்தவர் தப்பினார் என்று கொண்டால், காப்ளினுக்கு டி20-ல் (இருபது பக்கப் பகடை) 8 அல்லது அதற்கு மேல் வேண்டும், அதாவது 65 சதவீதம். நல்ல வாய்ப்புபோல் தெரிகிறது. ஆனால் நான்கு காப்ளின்களுக்கும் தனித்தனியாக உருட்டினால், நான்குமே மறைந்திருக்கும் வாய்ப்பு 0.65-ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 18 சதவீதம். ஒரு காப்ளினைப் பார்த்தாலே ஆபத்தைக் கவனித்தாயிற்று, சர்ப்ரைஸ் இல்லை. அதாவது கூட்டம் பெருகப் பெருக ஒளிவது ஏறக்குறைய முடியாததாகிவிடுகிறது.

அதே நான்கையும் குழுச் சோதனையாக, பாதிப் பேர் வென்றால் எல்லோரும் வென்றதாகக் கணக்கிட்டால், வாய்ப்பு 87 சதவீதமாகத் தாவுகிறது. மொத்தக் கூட்டத்துக்கும் ஒரே ஒரு பகடை என்றால் 65. ஒரே காட்சி, ஒரே எண்கள், மூன்று விதமான உருட்டல்: 18, 65, 87. இந்தத் தேர்வை டிஎம் யோசிக்காமலே செய்துவிடுகிறார் என்பதுதான் என் கவலை.

ஆட்டக்காரர்கள் உருட்டினாலும் இதே கதைதான். போனஸே இல்லாத ஐந்து பேர் 15-ஐ எட்ட வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம்தான். ஆனால் ஐந்து பேரில் யாராவது ஒருவர் எட்டும் வாய்ப்பு 83 சதவீதம்.

நான் ஒரே பகடையைத்தான் சிபாரிசு செய்வேன். கூட்டத்திலேயே குறைந்த ஸ்டெல்த் உள்ளவரின் போனஸோடு உருட்டுங்கள். காப்ளினுக்கும் பக்பேருக்கும் +6 என்பதால் இங்கே அந்தக் கேள்விகூட எழாது.

காட்டுவழி

பகடைக்கு முன்னால் நடக்க வேண்டியதைப் பற்றி யாரும் பேசவில்லையே. பாஸிவ் எண் மாறாத ஒன்று அல்ல. குழு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து அது மாறும், அந்த விதிகளைப் பாதி மேசைகள் பயன்படுத்துவதே இல்லை.

முதலில் வேகம். மணிக்கு 4 மைல் என்று வேகமாகப் போனால் பாஸிவில் 5 குறையும். 3 மைல் இயல்பு. 2 மைல் என்று மெதுவாகப் போனால் குழுவே ஒளிந்து போகலாம்.

அடுத்தது வேலை. ஒருவர் வழி பார்க்கிறார், இன்னொருவர் வரைபடம் வரைகிறார், மூன்றாமவர் உணவு தேடுகிறார், நான்காமவர் தடம் பின்தொடர்கிறார் என்றால், அந்த நால்வருடைய பாஸிவும் ஆபத்தைக் கவனிப்பதில் சேராது. ஐந்து பேர் கொண்ட குழுவில் உண்மையில் கண் திறந்திருப்பது ஒருவர்தான். வரிசையும் முக்கியம். முன்னால் இருக்கும் ஆபத்தைப் பின்வரிசைக்காரர் பார்க்க முடியாது என்று டிஎம் முடிவு செய்யலாம்.

அப்புறம் வெளிச்சம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "எங்களுக்கு டார்க்விஷன் இருக்கிறது, பந்தம் தேவையில்லை" என்று குகைக்குள் போகிறார்கள். டார்க்விஷன் இருட்டை மங்கல் வெளிச்சமாகத்தான் காட்டும். மங்கலில் கண்ணால் கவனிப்பதற்குப் பாதகம் உண்டு, ஆகவே பாஸிவில் 5 போய்விடும். 14 வைத்திருப்பவர் 9 ஆகிவிடுகிறார். பந்தம் ஏற்றினால் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இன்னொரு 20 அடி மங்கல். ஆனால் இருட்டில் இருப்பவனுக்கு அந்தப் பந்தம் வெகுதூரத்திலிருந்தே தெரியும். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை இழக்கிறீர்கள். இந்தத் தேர்வை ஆட்டக்காரர்களிடம் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். "எப்படிப் போகிறீர்கள், யார் முன்னால், யார் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு யாரும் நிமிர்ந்து உட்கார மாட்டார்கள், ஏனென்றால் எல்லாப் பயணத்திலும் அதைக் கேட்பீர்கள்.

பகடைப்பிரியன்

வேகம், வேலை இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டேன். நன்றி. ஆனால் பாஸிவில் எனக்கு ஒரு நெருடல். என் குழுவில் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடுபவருக்கு விஸ்டம் +3, தேர்ச்சி +3, கூடவே அப்சர்வன்ட் ஃபீட் (கூடுதலாக எடுக்கும் சிறப்புத் திறன்) தரும் +5. அடிப்படை 10-ஓடு மொத்தம் 21. காப்ளின் அவரிடமிருந்து ஒளிய 15 வேண்டும். அவர் இருக்கும்வரை எதுவும் எப்போதும் ஒளிய முடியாதா? நான் எதிரியின் எண்ணை 22 என்று எழுதினால் அவர் பார்க்க மாட்டார், 20 என்று எழுதினால் பார்ப்பார். வீட்டில் உட்கார்ந்து நானே முடிவு செய்வதுபோல் இருக்கிறது.

எண்கணக்கு

எண்ணை எழுதி வைக்காதீர்கள். எதிரிகளுக்காக மேசையிலேயே உருட்டுங்கள், அப்போது உங்களுக்கும் முடிவு தெரியாது. உங்கள் ட்ரூயிட்டுக்கு எதிராக ஒரே பகடை என்றால் காப்ளின் கூட்டத்துக்கு 30 சதவீதம். நான்கு தனிப் பகடை என்றால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. ஆகவேதான் ஒரே பகடை என்று அழுத்திச் சொன்னேன்.

வில்லாளி

நான் டிஎம் அல்ல, ஆட்டக்காரர். அந்த ட்ரூயிட்டின் பக்கம் நின்று பேசுகிறேன். ஒரு ஃபீட்டைக் கொடுத்து அந்த 21-ஐ வாங்கியிருக்கிறார். அதே ஃபீட்டில் சண்டைக்கான எதையாவது எடுத்திருக்கலாம். அவர் பார்ப்பது சிக்கல் இல்லை. அதற்காகத்தான் அவர் அங்கே இருக்கிறார். எனக்கு அலர்ட் ஃபீட் இருக்கிறது. 2014 விதிப்படி விழித்திருக்கும்போது என்னை யாரும் திகைக்க வைக்க முடியாது. குழு முழுவதும் சிலையாக நிற்க நான் ஒருவர் மட்டும் முதல் ரவுண்டில் ஓடிப்போய் மந்திரவாதியைப் பாறைக்குப் பின்னால் இழுத்துத் தள்ளியது என் கேரக்டரின் மிகச் சிறந்த தருணங்களில் ஒன்று. பதுங்கித் தாக்குதல்களே வராத ஆட்டமாக இருந்திருந்தால் அந்த ஃபீட் வீண்தான். ஆகவே ட்ரூயிட்டுக்காகப் பதுங்கித் தாக்குதலை விட்டுவிடாதீர்கள், அவரை முறியடிக்க எண்ணை ஏற்றவும் வேண்டாம். அவர் பார்க்கட்டும். மற்ற நால்வரும் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு மூச்சு நேரம் இருக்கிறது: கத்துவாரா, கையைப் பிடித்து இழுப்பாரா, மந்திரம் போடுவாரா?

மூன்றாம்கண்

வில்லாளி சொன்ன அந்த "ஒரு மூச்சு நேரம்" பற்றித்தான் நான் எழுத வந்தேன். பெர்செப்ஷனைப் பற்றிய பேச்சு எப்போதும் "பார்த்தாரா, பார்க்கவில்லையா" என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. அதனால்தான் அது சுவையற்றுப் போகிறது. பார்க்கவில்லை என்றால் முதல் ரவுண்ட் போச்சு, பார்த்துவிட்டால் சாதாரணச் சண்டை. இரண்டிலுமே ஆட்டக்காரர் எதையும் தீர்மானிக்கவில்லை, பகடைதான் தீர்மானித்தது.

உண்மையான பதுங்கித் தாக்குதல்கள் எப்படி வென்றன என்று பாருங்கள். கி.மு. 217-ல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்தேஜ் தளபதி ஹானிபல் ரோமப் படையை அழித்தார். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் குன்றுகள், நடுவில் ஒடுங்கிய வழி, காலை நேரத்து மூடுபனி. ரோமத் தளபதி ஃப்ளாமினியஸ் முன்னால் ஒற்றர்களை அனுப்பிச் சரியாகப் பார்க்காமலே படையை அந்த வழிக்குள் நடத்தினார். கி.பி. 9-ல் டியூடோபர்க் காட்டில் மூன்று ரோம லெஜியன்கள் (படைப்பிரிவுகள்) அழிந்தன. ஜெர்மானியத் தலைவன் அர்மினியஸ் துரோகம் செய்யப்போகிறார் என்று அவர் இனத்தவரான செகெஸ்டெஸ் முன்பே ரோமத் தளபதி வாரஸிடம் எச்சரித்திருந்தார். வாரஸ் நம்பவில்லை. இரண்டு இடத்திலும் தகவலோ, தகவல் பெறும் வழியோ கையில் இருந்தது. யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்தார். கண் கூர்மை குறைந்ததால் மட்டும் அந்தப் படைகள் அழியவில்லை.

மேசையிலும் அந்த முடிவை ஆட்டக்காரர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பதுங்கித் தாக்குதலுக்கும் முன்னால், பகடை எதுவும் இல்லாமல், குறைந்தது ஓர் அறிகுறி எல்லோருக்கும் தெரியட்டும். பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடக்கிறது, அடிமரத்தில் கோடரி வெட்டு, மரச்சீவல்கள் இன்னும் ஈரமாக இருக்கின்றன. அல்லது இந்த நேரத்தில் வண்டிகள் வரும் வழியில் ஒரு வண்டியும் இல்லை. அல்லது இவ்வளவு நேரம் இரைந்துகொண்டிருந்த காடு ஓய்ந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு "என்ன செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெர்செப்ஷன் அப்போதுதான் வேலைக்கு வரும், அதுவும் கூடுதல் விவரம் தர: எத்தனை பேர், எந்தப் பக்கம், என்ன ஆயுதம். உயர்ந்த பாஸிவ் உள்ளவருக்கு அந்த விவரத்தை உருட்டாமலே கொடுங்கள். "மேலே இடதுபக்கப் பாறைக்குப் பின்னால் தோல் வார் ஒன்று அசைந்ததைப் பார்த்தீர்கள்" என்று ட்ரூயிட்டிடம் சொன்னால் அவர் வாங்கிய 21-க்கு மதிப்பு வந்துவிட்டது.

பகடைப்பிரியன் முதலில் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். அவர்கள் நிமிர்ந்து உட்காரட்டும். அவர்கள் பயப்படுவதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை, கேரக்டருக்கும் அதே அறிகுறி தெரிந்திருப்பதால் பயப்படக் காரணம் இருக்கிறது.

பழையவரைபடம்

பழைய விதிகளில் இதற்கு வேறொரு கோணம் இருந்தது. 1981-ல் வந்த பேசிக் தொகுப்பில் பெர்செப்ஷன் என்று ஒரு திறமையே கிடையாது. இரு பக்கத்துக்கும் ஒரு டி6, 1 அல்லது 2 விழுந்தால் அந்தப் பக்கம் திகைத்தது. எத்தனை லெவல் வித்தியாசம் இருந்தாலும் இதில் பெரிதாக மாறாது. அதோடு, எவ்வளவு தூரத்தில் சந்தித்தார்கள் என்பதையும் உருட்ட வேண்டும்: நிலவறையில் 2டி6 (இரண்டு ஆறு பக்கப் பகடை) பெருக்கல் 10 அடி. எதிரி எப்படி நடந்துகொள்கிறான் என்பதற்கு இன்னொரு 2டி6.

அந்தத் தூரப் பகடைதான் நாம் தொலைத்துவிட்ட அருமையான கருவி என்று எனக்குத் தோன்றுகிறது. 20 அடியில் எதிரியைப் பார்ப்பதும் 120 அடியில் பார்ப்பதும் வெவ்வேறு ஆட்டங்கள். 120 அடி இருந்தால் ஓடலாம், பேசலாம், ஒளியலாம். 20 அடியில் வாள்தான். ஐந்தாம் பதிப்பிலும் இதைச் செய்யலாம். பெர்செப்ஷனில் எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதை வைத்துத் தூரத்தைக் கூட்டுங்கள். தோற்றால் பக்கத்தில், வென்றால் தள்ளி. மூன்றாம்கண் சொல்வதற்கும் இது ஒத்துப்போகும், ஏனென்றால் தூரம் என்பது முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம்தான்.

நிழல்நடை

மூன்றாம்கண், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு முறையும் அறிகுறி கொடுத்தால் ஒரு பதுங்கித் தாக்குதலும் பலிக்காது. அதைவிட மோசம், மூன்றாவது ஆட்டத்திலிருந்து ஒவ்வொரு விழுந்த மரத்தையும் கோலால் குத்திப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஒரு மைல் நடக்க ஒரு மணி நேரம் ஆகும். அரக்கனுடைய தந்திரம் ஒருமுறையாவது முழுதாக வெல்ல வேண்டாமா? எதிரிகளும் புத்திசாலிகள்தானே.

மூன்றாம்கண்

நல்ல எதிர்ப்பு, நேராகப் பதில் சொல்கிறேன்.

அறிகுறி தெரிந்தாலும் பதுங்கித் தாக்குதலின் பல் விழுந்துவிடுவதில்லை. இடத்தைத் தேர்ந்தவர்கள் அவர்கள். உயரம் அவர்களிடம், மறைப்பு அவர்களிடம், பின்வாங்கும் வழியும் அவர்களிடம். குழுவுக்குத் தெரிந்தது "இங்கே ஏதோ சரியில்லை" என்பது மட்டும்தான். திரும்பிப்போகலாம், ஆனால் இருட்டுவதற்குள் கோட்டையை எட்ட வேண்டும். சுற்றிப்போகலாம், ஆனால் சதுப்பு நிலம் வழியாகத்தான். நேரத்தின் நெருக்கடி இல்லாமல் அறிகுறி மட்டும் கொடுத்தால்தான் நீங்கள் சொல்லும் கோல் குத்தல் வரும். போகவேண்டிய அவசரமும் தயங்கவேண்டிய காரணமும் சேர்ந்து இருந்தால் விவாதம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரண்டாவது, அறிகுறிகள் உண்மையாக இருக்க வேண்டும். சும்மா பயமுறுத்துவதற்காக வெறும் மரத்தைப் போட்டீர்களானால் அவர்கள் எல்லா மரத்தையும் குத்துவார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. உங்கள் வருணனையில் "புதிய கோடரி வெட்டு" என்றால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வளர்ந்தால், வெட்டு இல்லாத மரத்தை அவர்கள் தாண்டிப் போவார்கள். இதே காரணத்துக்காகத்தான், எதுவும் இல்லாத இடத்திலும் அடிக்கடி பெர்செப்ஷன் உருட்டச் சொல்லிக் குழப்புவது என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. அது ஆட்ட நேரத்தைத் தின்பதோடு, உங்கள் சொல்லுக்கு இருக்கும் எடையையும் குறைக்கிறது.

எதிரிகளின் அறிவு பற்றி: கண்டிப்பாக. மிகத் திறமையான கொலைகாரன் என்றால் அறிகுறியை மிக மெலிதாக்குங்கள். சத்திரத்தில் நேற்று இருந்த பணியாள் இன்று இல்லை, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் தாக்குதல் முழுதாக வெல்லட்டும், தயக்கமே வேண்டாம். சண்டை முடிந்த பிறகு "அட, அந்தப் பணியாள்!" என்று அவர்களே சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியம் வந்தால் யாரும் அதை அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள்.

நிழல்நடை

அவசரமும் தயக்கமும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது ஏற்கத்தக்கது. அந்த நிபந்தனையோடு சரி.

தூரத்துமுரசு

மற்ற ஆட்டங்கள் இதை எப்படித் தீர்த்தன என்று பார்த்தாலும் உதவும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு (2019) மிகவும் சுத்தமாகச் செய்திருக்கிறது. பயணத்தின்போது ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் தேர்ந்துகொள்வார்கள்: தேடுவது, முன்னே வேவு பார்ப்பது, கண்ணில் படாமல் போவது என்று. இனிஷியேட்டிவே வழக்கமாகப் பெர்செப்ஷனால்தான் போடப்படும். கண்ணில் படாமல் போகிறவர் அதற்குப் பதில் ஸ்டெல்த்தை உருட்டுவார், அதே எண்ணை எதிரியின் பெர்செப்ஷனோடு ஒப்பிட்டு அவர் தெரிகிறாரா என்றும் முடிவாகிவிடும். ஒரு பகடையில் இரண்டு வேலை. சில சோதனைகளை ஜிஎம் (மற்ற ஆட்டங்களில் டிஎம்முக்கான பெயர்) ரகசியமாக உருட்டும் முறையும் விதியிலேயே உண்டு.

டன்ஜன் வேர்ல்டில் சூழலைக் கூர்ந்து பார்க்கும் ஆட்டக்காரர் 2டி6 உருட்டி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மூன்று கேள்விகளும், 7 முதல் 9 வரை என்றால் ஒரு கேள்வியும் ஒரு குறிப்பிட்ட பட்டியலிலிருந்து கேட்கலாம். "நான் எதைக் குறித்து எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?" என்பது அதில் ஒன்று. ஜிஎம் உண்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

பிளேட்ஸ் இன் த டார்க் வேறு திசையில் போகிறது. பதுங்கித் தாக்குதல் நடந்துவிட்டது, காயம் வருகிறது என்று ஜிஎம் சொல்லலாம். ஆட்டக்காரர் அதை எதிர்த்து உருட்டி, மன அழுத்தத்தை விலையாகக் கொடுத்து விளைவைக் குறைத்துக்கொள்வார். "எனக்கு வாய்ப்பே இல்லையா" என்ற குறை அங்கே எழாது, வாய்ப்பு பின்னால் வருகிறது.

கம்ஷூ முறையில் ஒரு சுவையான விஷயம். துப்பறியும் கதைகளுக்கான ஆட்டம் என்பதால் முக்கியத் தடயங்களை உருட்டாமலே கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஆபத்தை முன்கூட்டி உணர்வதை மட்டும் உருட்டும் திறமையாக விட்டு வைத்திருக்கிறார்கள். தடயம் கிடைக்காவிட்டால் கதை நின்றுவிடும், ஆபத்தை உணராவிட்டால் கதை சூடுபிடிக்கும். இந்த வேறுபாட்டை ஐந்தாம் பதிப்பு நடத்துபவர்களும் மனதில் வைக்கலாம். ரகசியக் கதவையும் பதுங்கியிருக்கும் எதிரியையும் ஒரே பெர்செப்ஷன் உருட்டலால் கையாள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பகடைப்பிரியன்

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. நான் போட்டிருக்கும் திட்டத்தைச் சொல்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

இடுக்குக்கு முன்பே வேகம், வரிசை, வேலை கேட்டுவிடுவேன். சூரியன் சாய்கிறது, இரவுக்குள் மறுபுறம் போகாவிட்டால் தூது போகும் ஆளை இழந்துவிடுவார்கள். இடுக்கின் வாயில் ஒரு வண்டிச் சக்கரம் உடைந்து கிடக்கும், வண்டி இல்லை, மாடுகள் இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். காப்ளின் கூட்டத்துக்கு ஒரே ஸ்டெல்த் பகடை. யாருடைய பாஸிவ் அதைவிட அதிகமோ, கண் திறந்திருந்தால், அவருக்கு மட்டும் கூடுதல் விவரம். நின்று ஆராய்ந்தால் விவரம், அவசரமாகப் போனால் பழையவரைபடம் சொன்னபடி தூரம் குறைவு.

எண்கணக்கு

திட்டம் நன்றாக இருக்கிறது. ஒரு கணக்கு மட்டும். காப்ளின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), பக்பேருக்கு 200, மொத்தம் 400. ஐந்து எதிரிகள் என்பதால் இரண்டால் பெருக்கினால் 800. ஐந்தாம் லெவல் ஐவருக்கு "எளிது" எல்லையே 1250. ஆகவே முதல் ரவுண்டை முழுதாக இழந்தாலும் யாரும் சாக மாட்டார்கள். திகைத்தவரை அடிக்கும்போது பக்பேர் கூடுதலாக 2டி6 சேதம் தரும், அது கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். இந்தக் குழுவுக்கு முதல் பதுங்கித் தாக்குதல் என்றால் இந்த அளவே நல்லது. பின்னாளில் "கடினம்" அளவுச் சண்டையைப் பதுங்கித் தாக்குதலாக வைக்கும்போது மட்டும் கவனம். ஐந்து பேரும் ஒரு ரவுண்ட் சும்மா நிற்பது எக்ஸ்பி கணக்கில் எங்கும் தெரியாது. அப்போது எதிரிகளில் ஓரிருவரைக் குறைத்துவிடுவேன், அல்லது இரண்டாம் ரவுண்டில் வந்து சேரும்படி வைப்பேன்.

வில்லாளி

கடைசியாக எதிர்த்திசை. நாங்கள் பதுங்கும்போது என்ன? எங்கள் மேசையில் இதுதான் பெரிய சண்டை. ஓநாய் முகாமை நோக்கி ஊர்ந்து போகிறோம், ஐந்து பேரும் தனித்தனியாக ஸ்டெல்த் உருட்டச் சொல்கிறார் எங்கள் டிஎம். பிளேட் கவசம் போட்டவர் பாதகத்தோடு உருட்டுகிறார். எப்போதும் மாட்டிக்கொள்கிறோம்.

எண்கணக்கு

எதிரிக்கு ஒரே பகடை என்றால் உங்களுக்கும் குழுச் சோதனையோ ஒரே பகடையோ தர வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவுகோல். ஓநாய் மட்டும் தனி: 2014 புத்தகத்தில் அதன் பாஸிவ் 13. மோப்பத்தாலோ செவியாலோ கவனித்தால் சாதகம் உண்டு, ஆகவே 18. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று டிஎம்மிடம் கேளுங்கள். எதிர்க்காற்றில் போனால் மோப்பத்துக்கான அந்த 5-ஐக் கழிக்கச் சொல்லி நியாயமாகக் கேட்கலாம்.

வில்லாளி

காற்று! நன்றி, அதைக் கேட்டதே இல்லை. இன்னொன்று: எங்கள் அசாசின் (பதுங்கிக் கொல்லும் ஆள்) ஒளிந்திருந்து அம்பை விடுகிறேன் என்கிறார், உடனே எல்லோரும் இனிஷியேட்டிவ். எதிரிக்கு அதிகமாக விழுந்தால், எதிரியின் முதல் முறை சும்மா கழிகிறது, அதோடு திகைப்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு அசாசினின் அம்பு வரும்போது உறுதியான கிரிட்டிகல் (இரட்டைப் பகடைச் சேதம்) போய்விடுகிறது. அம்பு இன்னும் நாணை விட்டே கிளம்பவில்லை, அதற்குள் அவன் எப்படித் தெளிந்தான்?

மூன்றாம்கண்

2014 விதியை எழுதியபடி படித்தால் அப்படித்தான் வரும். 2024 திருத்தத்தில் திகைப்பு என்பது முறை இழப்பாக இல்லை, இனிஷியேட்டிவ் உருட்டலில் பாதகம் மட்டுமே. ஒளிந்திருப்பவருக்கு அதே உருட்டலில் சாதகம். அசாசினுக்கும் கிரிட்டிகல் உறுதி எடுக்கப்பட்டுவிட்டது. முதல் ரவுண்டில் இன்னும் முறை எடுக்காதவர்மேல் சாதகம் இருக்கிறது. ஆகவே முந்தினால் பலன், முந்துவதற்கு வாய்ப்பும் அதிகம். இழுபறி குறைந்துவிட்டது. ஆனால் பதுங்கித் தாக்குதலின் கூர்மையும் குறைந்திருக்கிறது என்பது உண்மை. இரண்டில் எது பிடிக்கும் என்பது மேசையைப் பொறுத்தது.

2014-லேயே தொடர்வதாக இருந்தால் என் மேசையில் இப்படிச் செய்கிறோம்: ஒளிந்திருந்து முதல் அடியை அறிவித்தவர், எதிரிகள் எல்லோருமே திகைத்திருந்தால் மட்டும், முதல் ரவுண்டின் தலைப்பில் போகிறார். ஒருவருக்கு மட்டும்தான் இது, மற்றவர்கள் உருட்டிய வரிசையில். எதிரிகளுக்கும் இதே சலுகை உண்டு. அதை ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

வில்லாளி

எதிரிகளுக்கும் உண்டு என்பதைக் கேட்டதும் எங்கள் மந்திரவாதி கொஞ்சம் யோசிப்பார். ஆனால் நியாயம்தான். டிஎம்மிடம் சொல்லிப் பார்க்கிறேன்.